அக்கரைச் சண்டையும் இக்கரை முகாமும்



நமது சங்க இதழில் வரி, வாடகை, தராசு முத்திரை, ஆன்லைன் கம்பெனிகளின் தொல்லை என்று மாதா மாதம் எழுதி வருகிறோம். இந்த முறை கொஞ்சம் விலகி, போரையும் சமாதானப் பேச்சையும் அகதிகளையும் பற்றி எழுத முன்வந்திருக்கிறேன். "பலசரக்குக் கடைக்காரனுக்கு இது எதற்கு அண்ணாச்சி?" என்று பக்கத்தைப் புரட்டும்போதே சிலர் கேட்பார்கள். 2022-ல் உக்ரைனில் சண்டை தொடங்கிச் சில வாரங்களில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியதே, அப்போது யாரும் அப்படிக் கேட்கவில்லை. எங்கோ கருங்கடல் துறைமுகம் அடைபட்டால் நம் கடை அலமாரியில் தெரிகிறது.

ஆனால் நான் உக்ரைனைப் பற்றி எழுதப் போவதில்லை. தூத்துக்குடியிலிருந்து சென்னையைவிடக் கொழும்புதான் கிட்டம். அந்த நாட்டில் 1983-ல் பற்றிய தீ 2009 மே மாதம் வரை எரிந்தது. சண்டை முடிந்துவிட்டது, அதன் பாக்கி முடியவில்லை. அந்தப் பாக்கியில் ஒரு பங்கு நம் மாவட்டத்திலேயே, எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தி முகாமில் குடியிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கொழும்பு வியாபாரம்

நம் ஊருக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு அரசியல்வாதிகள் உண்டாக்கியது அல்ல. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் இக்கரையில் தூத்துக்குடிப் பக்கமும், அக்கரையில் அரிப்பு, சிலாவத்துறைப் பக்கமும் இருந்தன. நம் பக்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். முத்துப் போய்விட்டது, தோணி மட்டும் நின்றது. வெங்காயம், வத்தல், ஓடு என்று ஏற்றிக்கொண்டு பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் போய் வந்தன. 1906-ல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தத் தூத்துக்குடி - கொழும்பு ஓட்டத்துக்காகத்தான் என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

எங்கள் தகப்பனார் பதினான்கு வயதில் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடைக்குச் சம்பளத்துக்குப் போனவர். அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏராளம். பாஸ்போர்ட், விசா என்று கெடுபிடி வந்தபின் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தகப்பனார் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி, கொஞ்சம் சிங்களப் பேச்சு, அங்குள்ள மண்டிக்காரர்கள் நாலைந்து பேரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை முதலாக வைத்துத்தான் எங்கள் மண்டி ஆரம்பமாயிற்று.

ஆளைப் பங்கு வைத்த ஒப்பந்தம்

அகதிகள் விஷயத்துக்கு வருமுன் இன்னொரு பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும். இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு, தேயிலைத் தோட்டங்களில் பாடுபட்ட இந்திய வம்சாவளித் தமிழர்கள் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கி விட்டார்கள். அவர்கள் எந்த நாட்டுப் பொறுப்பு என்ற வழக்கு 16 வருஷம் இழுத்தது. 1964 அக்டோபர் 30-ம் தேதி நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் டில்லியில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்வது. 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியையும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். சரக்கு மூடையைப் பங்கு வைப்பது போல மனிதர்களைப் பங்கு வைத்தார்கள். தலைக்கணக்கை முதலில் முடிவு செய்துவிட்டு, உனக்கு எந்தப் பக்கம் இஷ்டம் என்ற விண்ணப்பத்தைப் பிறகு வாங்கினார்கள்.

ஆனால் ஒன்று. அந்த ஒப்பந்தப்படி வந்தவர்களுக்குக் கையில் காகிதம் இருந்தது. இந்தியக் குடிமக்களாக வந்தார்கள். 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். மண்டபத்தில் இறங்கி, குடும்ப அட்டை வாங்கி, சிறு கடை வைக்கக் கடன் வாங்கினார்கள். அவர்களுக்காகவும் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காகவும் 1969-ல் தொடங்கப்பட்டதுதான் ரெப்கோ வங்கி. சிலருக்கு நூற்பாலையில் வேலை, சிலருக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலை. கஷ்டப்பட்டவர்கள் உண்டு, இடைத்தரகர்களிடம் ஏமாந்தவர்களும் உண்டு. ஆயினும் இன்று அவர்கள் பிள்ளைகள் சொந்தக் கடை வைத்து நம்மோடு சங்கத்தில் சந்தா கட்டுகிறார்கள். யார் அப்படி வந்த குடும்பம் என்று விசாரித்தால்தான் தெரியும். சென்னைப் பர்மா பஜாரைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். 1983-க்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தக் காகிதம் கிடையாது.

பேச்சும் படகும்

1983 ஜூலை 23-ம் தேதி யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகள் 13 ராணுவத்தினரைக் கொன்றார்கள். மறுநாள் இரவிலிருந்து கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் தொழிற்சாலைகளும் எரிந்தன. கலகக்காரர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்று அப்போதே பலரும் எழுதினார்கள். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, மண்டியில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தேன். தகப்பனாரின் பழைய ஆட்களில் இருவரிடமிருந்து அதன்பின் கடிதமே வரவில்லை. பேரேட்டில் அவர்கள் பக்கத்தை அடித்துக் கணக்கு முடிக்கத் தகப்பனார் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

அந்த ஜூலையிலிருந்து 1987 ஜூலை வரை தமிழ்நாட்டுக் கரையில் வந்து இறங்கியவர்கள் சுமார் 1,34,000 பேர். இதற்கிடையில் 1985-ல் பூட்டான் நாட்டுத் திம்பு நகரில் இரண்டு சுற்றுப் பேச்சு நடந்து ஒன்றும் ஆகாமல் போயிற்று. 1987 ஜூலை 29-ம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். மாகாண சபைகள் வந்ததும், இந்திய அமைதிப்படை போனதும், பிறகு அந்தப் படையே புலிகளோடு சண்டையிட வேண்டி வந்ததும் நம் கண் முன் நடந்தவை.

அந்த ஒப்பந்தத்தை நான் தேடி எடுத்துப் படித்தேன். தமிழ்நாட்டில் உள்ள அகதிகளைப் பற்றி நேராகச் சொல்லும் வரி ஒன்று அதில் இருக்கிறது. இலங்கையில் தங்கியுள்ள இந்தியக் குடிமக்களை இந்தியா விரைந்து அழைத்துக் கொள்ளும், அதே சமயத்தில் தமிழ்நாட்டு அகதிகளும் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்பது அதன் சாரம். நீ அனுப்பு, நானும் அனுப்புகிறேன் என்று பற்றையும் வரவையும் நேர் செய்த மாதிரி. எரிந்த வீட்டுக்கு என்ன, போனவனுடைய நிலத்தில் வேறொருவன் குடியேறியிருந்தால் என்ன, மறுபடி சண்டை வந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்த வரியில் இல்லை. இதே விஷயத்தை 1995-ல் போஸ்னியா நாட்டுச் சண்டையை நிறுத்திய டேட்டன் ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதில் அகதிகளுக்கென்றே ஒரு முழு இணைப்பு, ஏழாவது இணைப்பு, சேர்த்திருக்கிறார்கள். சொந்த வீட்டுக்குத் திரும்பும் உரிமை, சொத்தைத் திரும்பப் பெறும் உரிமை, பெற முடியாவிட்டால் நஷ்டஈடு, இவற்றை விசாரிக்க ஒரு கமிஷன். நடைமுறையில் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. ஆனாலும் எழுத்தில் இருந்ததால் வீட்டுக்காரன் போய்க் கேட்க முடிந்தது.

நம் கதைக்கு வருவோம். 1987 ஒப்பந்தத்தை நம்பி இருபத்தையாயிரம் பேர் அளவில் திரும்பிப் போனார்கள். 1990 மார்ச்சில் அமைதிப்படை வெளியேறியது. ஜூன் மாதமே புலிகளுக்கும் பிரேமதாசா அரசுக்கும் போர் மூண்டது. மறுபடி 1,22,000 பேர் வந்தார்கள். போன தடவை திரும்பிப் போனவர்களே இந்தத் தடவையும் படகேறி வந்த கதைகள் நிறைய உண்டு. 1995 ஜனவரியில் சந்திரிகா காலத்துப் போர் நிறுத்தம், ஏப்ரலில் முறிந்தது; 1996-லிருந்து மேலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2002 பிப்ரவரி 22-ல் நார்வே நாடு நடுவில் நின்று போர் நிறுத்த ஒப்பந்தம் செய்து வைத்தது. தாய்லாந்து, ஆஸ்லோ, ஜெர்மனி, ஜப்பான் என்று பேச்சு ஊர் ஊராகப் போனது. 2006-ல் மறுபடி சண்டை, மறுபடி படகு. 2008 ஜனவரியில் இலங்கை அரசு அந்த ஒப்பந்தத்தை முறைப்படி ரத்து செய்தது. அதன் பிறகு 2009 மே வரை முள்ளிவாய்க்காலில் நடந்ததை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

ஏன் எந்தப் பேச்சும் நிற்கவில்லை? நான் அரசியல் படித்தவனில்லை, பள்ளிக்கூடப் படிப்புதான். வியாபாரிக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்குதாரர் போட்ட கையெழுத்து மற்றப் பங்குதாரர்களையும் கட்டும். கொழும்பில் அப்படியில்லை. ஆளும் கட்சி கையெழுத்திட்டால் எதிர்க்கட்சி தெருவில் இறங்கும். எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்து அதே ஒப்பந்தத்தை எடுத்தால் பழைய கட்சி தெருவில் இறங்கும். 1957-ல் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தத்துக்கு மறு வருஷமே அந்தக் கதி. இந்தப் பக்கம் புலிகள், தமிழர் சார்பில் வேறு யாரும் பேசவே கூடாது என்றார்கள். அமிர்தலிங்கம் 1989-லும் நீலன் திருச்செல்வம் 1999-லும் கொல்லப்பட்டது அதனால்தான். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்குப் பிறகு தமிழ்நாட்டில் அகதி என்ற சொல்லின் மேலேயே சந்தேகம் விழுந்தது. அதில் அடிபட்டவர்கள் முகாமில் இருந்த ஏழைகள்.

சரக்கு ஓடினால் சமாதானம்

போர் நிறுத்தம் வந்துவிட்டதா என்று அறியத் தலைவர்களின் பேச்சைக் கேட்பதைவிட, சாலையில் லாரி ஓடுகிறதா என்று பார்ப்பது மேல். 1990-களில் யாழ்ப்பாணத்துக்குச் சிமெண்டு, உரம், பெட்ரோல், பேட்டரி, சோப்பு என்று ஒரு பெரிய பட்டியலுக்கே தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலை 1990-ல் அடைபட்டது, 2002 ஏப்ரலில் திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடி அடைபட்டது. திறந்திருந்த நாட்களிலும் அரசாங்கச் சோதனைச் சாவடியில் ஒருமுறை இறக்கி ஏற்ற வேண்டும், புலிகள் எல்லைக்குள் அவர்களுக்கு வரி கட்ட வேண்டும். இரண்டு சர்க்காருக்கும் கட்டிய செலவு கடைசியில் யார் தலையில் விழும் என்பது நமக்குத் தெரியாததா! சாலை அடைபட்டபோது யாழ்ப்பாணச் சில்லரைக் கடைகளில் சீனியும் மாவும் கிடைத்தால் போதும், விலை கேட்பாரில்லை. பதுக்கியவர்களும் இருந்தார்கள். நம் தொழிலில் எல்லாரும் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை.

வியாபாரிகள் அறிய வேண்டிய இன்னொரு விஷயம். 1990 அக்டோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் வெளியேற வேண்டும் என்று புலிகள் உத்தரவிட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். அவர்களில் கடைக்காரர்கள் மிக அதிகம். தலைமுறையாகத் திறந்து வைத்த கடையைச் சாவியோடு ஒப்படைத்துவிட்டு, கையில் சில நூறு ரூபாயோடு புத்தளம் பக்கம் போனார்கள். இவர்கள் நாட்டு எல்லையைத் தாண்டவில்லை. ஆகவே சர்வதேசச் சட்டப்படி இவர்கள் அகதிகள் அல்ல, 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்'. எல்லையைத் தாண்டாதவனுக்கு அகதி என்ற அந்தப் பெயர்கூடக் கிடைப்பதில்லை.

அகதி யார்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு 1951-ல் ஐக்கிய நாடுகள் சபை அகதிகளுக்கென்று ஓர் உடன்படிக்கை கொண்டு வந்தது. முதலில் ஐரோப்பாவை மனதில் வைத்துப் போட்டது; 1967-ல் கால வரம்பையும் இட வரம்பையும் எடுத்தார்கள். இனம், மதம், தேசம், அரசியல் கருத்து போன்ற காரணத்தால் சொந்த நாட்டில் உயிருக்கு அஞ்சி வெளியேறியவரே அகதி. அதில் உயிர்நாடியான விதி ஒன்றுதான்: ஆபத்து இருக்கும் இடத்துக்கு அவரைத் திருப்பித் தள்ளக் கூடாது.

இந்தியா இந்த உடன்படிக்கையில் இதுவரை கையெழுத்திடவில்லை. திபெத்தியர், பங்களாதேஷ்காரர், இலங்கைத் தமிழர் என்று வந்தவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனால் சட்டப்படி அவர்கள் 'வெளிநாட்டவர்' மட்டுமே. அதாவது அரசின் தயவில் இருக்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது. 1996-ல் சக்மா அகதிகள் வழக்கில், குடிமகனாக இல்லாவிட்டாலும் அவன் உயிரைக் காப்பது அரசின் கடமை என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது பெரிய ஆறுதல்.

இந்த விதி எவ்வளவு முக்கியம் என்பதை நம் மாநிலமே 1992-ல் பார்த்தது. ராஜீவ் கொலைக்குப் பின் அகதிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். சம்மதம் வாங்கிய விதம் பற்றிக் குற்றச்சாட்டு எழுந்து விஷயம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. அதே வருஷம் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் ஓர் அலுவலகம் திறந்தது. போகிறவர் தன் சொந்த விருப்பத்தில்தான் போகிறாரா என்று கேட்டுத் தெரிந்து கொள்வது அதன் வேலை. வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்குவதற்கும், வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் புரியும். 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பினார்கள். அவர்கள் போய் இறங்கிய காலத்தில் அங்கே சண்டை நின்றிருக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

முகாமும் நம் கடையும்

2021 ஆகஸ்டில் சட்டசபையில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர். வெளியே போலீசில் பதிவு செய்து தங்கியிருப்பவர் 34,087 பேர். அந்த மாதமே குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உதவித் தொகையை உயர்த்தினார்கள். பழுதான வீடுகளில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகவும் அறிவித்தார்கள். 'அகதிகள் முகாம்' என்பது 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனது. நல்ல காரியம். ஒரு காலத்தில் கிலோ 57 காசுக்கு அவர்களுக்குக் கொடுத்த ரேஷன் அரிசி பின்னர் இலவசமாயிற்று. ஆனால் பெயர்ப் பலகை மாறியதால் உள்ளே இருப்பவர் கையில் காகிதம் வந்துவிடவில்லை.

எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு பலசரக்குக் கடைக்காரர், ஒரு முகாமுக்குப் பக்கத்துக் கிராமத்தில் கடை வைத்திருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேலான வாடிக்கை. "முகாம் ஆட்களுக்குக் கடன் கொடுத்தால் ஒரு ராத்திரியில் படகேறிப் போய்விடுவார்கள்" என்று ஆரம்பத்தில் அவரிடம் சொல்லாதவர் இல்லை. அவருடைய அனுபவம் நேர் எதிர். உதவித் தொகை வரும் வாரத்தில் பழைய நோட்டு முதலில் தீர்ந்துவிடும். "ஊர்க்காரர் பாக்கிதான் அண்ணாச்சி இழுக்கும்" என்பார். முகாமில் அதிகாரிகள் வந்து தலை எண்ணும் நாளில் ஆள் இல்லாவிட்டால் பதிவுக்கே ஆபத்து. அதனால் வெளியூர் வேலைக்குப் போனவர்களும் அந்த நாளுக்கு ஓடி வந்துவிடுவார்கள். இதைவிடப் பெரிய ஜாமீன் எந்த வாடிக்கையாளரிடம் இருக்கிறது?

பெயிண்ட் அடிக்க, கொத்து வேலைக்கு, லோடு ஏற்ற என்று முகாம் இளைஞர்கள் நம் கடைகளுக்கும் வருகிறார்கள். நம்மில் சிலர் அவர்களுக்கு ஐம்பது நூறு குறைத்துக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "அவன் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறான்" என்கிறார்கள். அது வியாபாரம் அல்ல. அதே மூடை, அதே தூரம், அதே முதுகு. கூலி மட்டும் எப்படிக் குறையும்?

அவர்களில் படித்தவர்கள் நிறைய. பி.காம். முடித்த பெண், டிப்ளமோ முடித்த பையன். ஆனால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பாஸ்போர்ட் கிடையாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி இலங்கைப் பிரஜை ரிசர்வ் வங்கி அனுமதியின்றி இங்கே நிலமோ கடையோ வாங்க முடியாது. இத்தனைக்கும் அந்தப் பையன் இலங்கையைப் பார்த்ததே இல்லை, பிறந்ததே முகாமில்தான். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பது சட்டம். அதை வைத்து, முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் தர வேண்டும் என்று 2022-ல் ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் வாக்கும் போட்டார். ஒரு நாள் தள்ளி, ஜூலை 1-ல் பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். எனவே அந்த வழி அடைப்பு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டுப் பெயர் இருக்கிறது, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்ததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்றது. தலைக்கு மேல் தொங்கிய கத்தி இறங்கியது. குடியுரிமை இன்னும் வரவில்லை.

இவர்களில் இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். மேலே சொன்னேனே, 1964 ஒப்பந்தம், அந்தத் தோட்டத் தொழிலாளர் வம்சத்தில் வந்தவர்கள். கலவரங்களுக்கு அஞ்சி மலைநாட்டிலிருந்து வவுனியாப் பக்கம் குடியேறி, அங்கிருந்து சண்டையில் படகேறியவர்கள். தாத்தாவின் ஊர் திருநெல்வேலிப் பக்கமோ திருச்சிப் பக்கமோ இருக்கும். ஒப்பந்தப்படி கப்பலில் வந்திருந்தால் ரெப்கோவில் கடன். படகில் வந்ததால் வெளிநாட்டவர்!

திரும்பிப் போகலாமே என்பார்கள். 2009-க்குப் பிறகு சில ஆயிரம் பேர் ஐ.நா. ஏற்பாட்டில் போயிருக்கிறார்கள். போக விரும்புபவரை யாரும் தடுக்க வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலும் தொடங்கியது. ஆனால் போகிறவர் நிலை என்ன? 2025 மே மாதம், ஐ.நா. ஏற்பாட்டில் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில், முன்பு அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போனவர் என்று கைது செய்தார்கள். பிறகு விடுவித்தார்கள் என்றாலும், அந்தச் செய்தி முகாம் முகாமாகப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அதே மே மாதம் நம் சுப்ரீம் கோர்ட்டில், உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக் கொள்ள இந்தியா தர்மசத்திரமா என்ற பொருளில் ஒரு நீதிபதி கேட்டார். அது தண்டனை பெற்ற ஒருவருடைய வழக்கு. நாற்பது வருஷமாக எந்த வழக்கும் இல்லாமல் குடியிருப்பவரையும் அந்த ஒரு வார்த்தையில் சேர்த்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2022-ல் நடந்ததையும் குறிப்பிட வேண்டும். இலங்கையில் டாலர் தீர்ந்து, 400 கிராம் பால் பவுடர் பாக்கெட் அந்த ஊர்க் காசுக்கு 790 ரூபாய் ஆனது. மார்ச் 22-ம் தேதி தனுஷ்கோடியில் கைக்குழந்தையோடு வந்து இறங்கினார்கள். குண்டுக்குப் பயந்து அல்ல, மளிகை விலைக்குப் பயந்து! 1951 உடன்படிக்கையில் பசிக்கு இடமில்லை. மத்திய அரசும் அவர்களை அகதிகளாக ஏற்கவில்லை. மண்டபத்தில் தங்க வைத்தார்கள். அந்த நேரத்தில் தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்தும் இலங்கை மக்கள் எல்லாருக்குமாக அனுப்ப முடிவு செய்தது. முதல் கப்பல் மே மாதம் சென்னையிலிருந்து போனது. இரண்டாவது, ஜூன் மாதம் நம் வ.உ.சி. துறைமுகத்திலிருந்தே போனது. பதினாலாயிரம் டன்னுக்கு மேல் அரிசி, 250 டன் பால் பவுடர். சிங்களர், தமிழர், முஸ்லிம் என்று பிரிக்காமல் கொடுக்கச் சொல்லி அனுப்பினோம். அந்த நாட்களில் நம் சங்கத்து நண்பர்களும் தங்கள் பங்குக்கு நிதி கொடுத்ததை நன்றியோடு நினைவுகூர்கிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை நான் முன்மொழிய இருக்கிறேன். ஒன்று, நம் உறுப்பினர்களின் கடைகளிலும் குடோன்களிலும் முகாம் ஆட்களுக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கூலியைக் கொடுப்பது. இரண்டு, முகாமில் பிறந்து இங்கேயே படித்தவர்களுக்குக் குடியுரிமையும், அது வரும்வரை சொந்தப் பெயரில் கடை வைக்க உரிமமும், ரெப்கோ வங்கி முன்பு கொடுத்தது போன்ற சிறு கடனும் கிடைக்க மத்திய, மாநில அரசுகளைக் கேட்டுக் கொள்வது. முதல் தீர்மானத்துக்கு எதிர்ப்பு இருக்கும் என்று இப்போதே இரண்டு நண்பர்கள் போனில் சொல்லிவிட்டார்கள். இருக்கட்டும், கூட்டத்தில் வந்து பேசட்டும். ஆதரவோ மறுப்போ, எழுத்தில் கொடுக்க விரும்பும் உறுப்பினர்கள் வரும் 20-ம் தேதிக்குள் சங்க அலுவலகத்தில் சேர்ப்பிக்குமாறு கேட்டுக் கொள்கிறேன்.